குளிர் இல்லாத ஊரில் குரோக்கஸ் ஆசை: மட்டக்களப்பு வளவில் மழை லில்லி வளர்க்க முழுமையான வழிகாட்டி

பங்குனி பிறந்தால் டொரன்டோவில் இருக்கும் அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். பனி பாதி உருகின புல்தரை. அதில் ஊதாவும் மஞ்சளும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கிண்ணங்கள் நிமிர்ந்து நிற்கும். குரோக்கஸ். "உனக்கும் கொஞ்சம் கிழங்கு கொண்டு வரட்டா?" என்று வருசா வருசம் கேட்பாள். களுவாஞ்சிகுடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மணல் வளவில் இருந்துகொண்டு நானும் வருசா வருசம் வேண்டாம் என்று சொல்வேன்.

காரணம் இரண்டு. ஒன்று சட்டம். அனுமதிப் பத்திரமும் நோயில்லை என்ற சான்றும் இல்லாமல் கிழங்கு, நாற்று எதையும் பயணப்பையில் போட்டுக்கொண்டு வர முடியாது. அதற்கென்றே 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மற்றது குரோக்கஸின் குணம். வசந்தத்தில் பூக்கும் குரோக்கஸை அங்கே புரட்டாசி, ஐப்பசியில் நடுவார்கள். 12 முதல் 15 கிழமை வரை 9 பாகைக்குக் கீழே குளிர்ந்து கிடந்தால்தான் அது பூவை வெளியே விடும். மட்டக்களப்பில் தை மாதத்து விடியற்காலையே 23 பாகையைச் சுற்றித்தான் நிற்கும். பிரிட்ஜின் கீழ்த்தட்டில் மரக்கறியோடு மூன்றரை மாதம் வைத்துக் கிழங்கை ஏமாற்றலாம் என்பார்கள். ஏமாற்றலாம்தான். ஆனால் வெளியே எடுத்து நட்ட பிறகும் அது நிமிர்ந்து வர 10, 15 பாகைக் குளிர் வேண்டும். நம் வெயிலில் இலை மட்டும் புல்லுப் போல நீளும், மொட்டு கருகிவிடும், கிழங்கும் இளைத்துப் போகும். அந்த வேலைக்கு நான் போகவில்லை. நீங்களும் போக வேண்டாம்.

ஆனால் அக்காவின் படத்தில் என்னை இழுத்தது குளிரோ பனியோ இல்லை. நேற்று வரை வெறுமையாகக் கிடந்த தரையில் ஒரு காலையில் பூ நிற்கிறதே, அதுதான். அது நம் ஊரிலும் நடக்கும். கோடை இடி முழங்கி முதல் மழை விழுந்து நாலாம் நாள், காய்ந்து கிடந்த மண்ணிலிருந்து மழை லில்லி அப்படித்தான் எழும்பும். பார்க்கவும் கிட்டத்தட்ட குரோக்கஸ் மாதிரியே இருக்கும்: சாணளவு உயரம், ஆறு இதழ், கிண்ண வடிவம். சொந்தம் மட்டும் இல்லை. குரோக்கஸ் ஐரிஸ் குடும்பம், பூவுக்குள் மூன்று மகரந்தத் தண்டு. மழை லில்லி அமரில்லிஸ் குடும்பம், உள்ளே ஆறு. எண்ணிப் பார்த்தால் எது எதுவென்று தெரிந்துவிடும்.

கச்சான் காற்றும் ஒரு பெயரும்

இதன் அறிவியல் பெயர் செபிராந்தஸ். கிரேக்கர்களின் மேல்காற்றுத் தெய்வம் செபிரஸ். அந்தப் பெயரோடு பூ என்ற சொல்லைச் சேர்த்தால் மேல்காற்றுப் பூ. அவர்களுடைய மேல்காற்று மென்மையானதாம். நம்முடைய மேல்காற்று கச்சான். ஆனி, ஆடியில் மலைநாட்டின் அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலையிறங்கி வரும்போது காய்ந்து சூடேறி, மட்டக்களப்பையும் அம்பாறையையும் வறுத்தெடுக்கிற காற்று. கடற்காற்றைக்கூட உள்ளே வரவிடாமல் தள்ளிவிடும். அந்த நாட்களில் வெயில் 37 பாகையையும் தாண்டும்.

இந்தக் கச்சானைத்தான் நான் குரோக்கஸுக்கான பனியின் இடத்தில் வைத்துப் பார்க்கிறேன். குரோக்கஸ் குளிரில் தூங்கும். மழை லில்லி வறட்சியில் தூங்கும். அதைக் குளிர் கலைந்து வரும் வெயில் எழுப்பும், இதை மழை எழுப்பும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே எழுதியிருப்பதில் பாதியை நீங்களே ஊகித்துவிடுவீர்கள். நான் முதல் வருடம் பிடித்துக்கொள்ளவில்லை. பூக்கன்று என்றால் தினமும் தண்ணீர் என்று வளர்ந்தவள். கிணற்றடியில் நட்டு, காலையும் மாலையும் வாளியோடு போய் நின்றேன். பதினான்கு மாதம் பச்சைப் பசேலென்று இலை. ஒரு பூ இல்லை.

எந்த வகையை எடுப்பது

நம் பக்கத்தில் கைமாறித் திரிவது பெரும்பாலும் நான்கு வகை.

சின்ன ரோஸ் பூ, செபிராந்தஸ் ரோசியா. கியூபா பக்கத்துச் செடி. பூ ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் கூட இருக்கும், நல்ல அழுத்தமான ரோஸ், தொண்டையில் பச்சை. இலை தட்டை, தரையோடு படிந்து கிடக்கும். முதன்முதலாக வளர்ப்பவருக்கு நான் கொடுப்பது இதைத்தான். மழைக்கு ஒரே நாளில் கூட்டமாகப் பூக்கும், குறை சொல்லத் தெரியாத செடி.

பெரிய இளரோஸ் பூ மெக்சிகோ, குவாத்தமாலாப் பக்கம். பழைய புத்தகங்களில் கிராண்டிஃபுளோரா என்றிருக்கும், இப்போது மினூட்டா என்கிறார்கள். மினூட்டா என்றால் மிகச் சிறியது. பெயர் வைத்தவர் எந்தப் பூவைப் பார்த்து வைத்தாரோ. விரிந்தால் உள்ளங்கையை நிறைக்கப் பார்க்கும். அழகில் இதுதான் முதல், ஆனால் பலத்த மழை அடித்தால் தண்டு சாய்ந்துவிடும்.

மஞ்சள், செபிராந்தஸ் சிட்ரினா. குரோக்கஸ் ஆசை உள்ளவர்கள் இதைக் கட்டாயம் வைக்க வேண்டும்; அந்த மஞ்சளுக்கு மிகக் கிட்ட வருவது இதுதான். விதை தாராளமாகக் கட்டும்.

வெள்ளை, செபிராந்தஸ் கண்டிடா. இது தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா, உருகுவே பக்கத்து ஈர நிலத்துச் செடி, ஆகவே மற்ற மூன்றுக்கும் சொல்லும் விதி இதற்கு முழுதாகப் பொருந்தாது. இலை சின்ன வெங்காயத் தாள் மாதிரி உருண்டை. ஈரம் தேங்குகிற இடத்திலும் நிற்கும். வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் களிமண் வளவு உள்ளவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். காயப்போட்டால் சாகாது, ஆனால் வறட்சியில் மற்றவற்றைப் போல மகிழ்ச்சியும் அடையாது.

குங்குமப்பூ என்று சொல்லி யாராவது மழை லில்லிக் குமிழை விற்க வந்தால் வாங்க வேண்டாம். குங்குமப்பூ உண்மையான குரோக்கஸ், குரோக்கஸ் சட்டைவஸ். அதன் பூவுக்குள் தொங்கும் மூன்று சிவப்பு நூல்தான் குங்குமப்பூ. மழை லில்லிக்குள் இருப்பது மஞ்சள் மகரந்தம் மட்டும்.

குமிழ் தேடுவது

காசு கொடுத்து வாங்குவதற்கு முன் ஊருக்குள் நடந்து பாருங்கள். கோவில் வீதி ஓரம், பழைய வீடுகளின் படிக்கட்டடி, மயில்கொன்றை நிற்கிற முற்றம் என்று எங்காவது ஒரு புதர் இருக்கும். பூக்காத நேரத்தில் புல் என்றே நினைப்பீர்கள். மழைக்குப் பிந்தின நாலாம், ஐந்தாம் நாள் சைக்கிளில் ஒரு சுற்றுப் போனால் எந்த வளவில் என்ன நிறம் என்று கணக்கு எடுத்துவிடலாம். கேட்டால் தராதவர் இல்லை. ஒரு புதரில் இருபது, முப்பது குமிழ் இருக்கும், அவர்களுக்கும் அது பாரம்.

நாற்றுமேடையில் வாங்குவதானால் சாடியைக் கையில் தூக்கிப் பாருங்கள். குமிழ் கோலிக்குண்டு அளவாவது இருக்க வேண்டும். அமத்தினால் இறுக்கமாக இருக்க வேண்டும். மெதுமெதுவென்று இருந்தால், அடிப்பக்கம் கறுத்து நாறினால் விட்டுவிடுங்கள். மேலே இருக்கும் காய்ந்த பழுப்புத் தோல் பரவாயில்லை, அது அதன் சட்டை.

நடுவதற்கு நல்ல காலம் இரண்டு. மாசிக் கடைசியிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரை ஒன்று. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி வரும் பின்னேர இடிமழைக்கு வேர் பிடித்துத் தயாராக இருக்கும். ஆவணி, புரட்டாசி மற்றது. ஐப்பசி மழைக்கு முன். நடு மாரியில், மண் சதசதவென்று இருக்கும்போது புதுக் குமிழ் நட வேண்டாம். வேர் இல்லாத குமிழுக்குக் காயத்தின் வழியே அழுகல் ஏறிவிடும்.

மண்: எழுவான்கரைக்கு ஒன்று, படுவான்கரைக்கு ஒன்று

வாவிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மண் ஒன்றல்ல என்பது நம் ஊரில் பிள்ளைகளுக்கும் தெரியும். குருமண்வெளியில் படகேறி மண்டூரில் இறங்கினால் காலுக்கே வித்தியாசம் தெரியும். ஆகவே ஒரே அளவை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன்.

கடலோரத்து எழுவான்கரை மணலில், கல்லடியிலிருந்து கல்முனை, திருக்கோவில் வரைக்கும், தண்ணீர் தேங்காது. அது பெரிய நன்மை. ஆனால் சத்தும் தேங்காது. ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் பாத்திக்கு மண்வெட்டித் தகடு ஆழம் கொத்தி, மக்கின கூட்டெரு இரண்டு வாளி, தும்புச்சோறு (தேங்காய்த் தும்புத் தூள்) ஒரு வாளி போட்டுக் கலக்குங்கள். தும்புச்சோற்றை முதல்நாளே நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தச் சாயத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போட வேண்டும். உப்பும் கறையும் போகும். மாட்டெரு போடுவதானால் ஆறு மாதமாவது மக்கினதாக இருக்கட்டும். பச்சை எரு குமிழை அவித்துவிடும்.

படுவான்கரையிலும் சம்மாந்துறைப் பக்க வயல் மண்ணிலும் பிரச்சினை நேர்மாறு. கோடையில் வெடிக்கும், மாரியில் களியாகப் பிசையும். அங்கே பாத்தியை ஒரு சாண் உயர்த்துங்கள். பாதிக்குப் பாதி ஆற்றுமணல், அதோடு ஒரு வாளி உமிச்சாம்பல். பாத்தி ஓரத்துக்குத் தேங்காய்ப் பொச்சு மட்டையைக் கவிழ்த்து அடுக்கினால் மண் கரையாது.

வெயில் ஆறு மணித்தியாலமாவது வேண்டும். தென்னை நிழல் ஆடி ஆடி வெயிலை விடும், அது போதும். ஆனால் அடிமரத்திலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி நடுங்கள். தென்னை வேர் சாப்பாட்டை விட்டுவைக்காது, தேங்காய் விழுந்தால் பூவும் மிஞ்சாது. மாமர அடி சரிவராது. இலை வரும், பூ வராது.

சாடி என்றால் இருபது சென்றிமீற்றர் வாய் உள்ள மண்சாடி நல்லது. மணல் இரண்டு பங்கு, தும்புச்சோறு ஒன்று, கூட்டெரு ஒன்று. ஒரு சாடிக்குப் பத்து, பன்னிரண்டு குமிழ். அடியில் ஓட்டை அடைபடாமல் இரண்டு ஓட்டுத் துண்டு.

நடுவது

முதலில் இலையை நாலு விரல் விட்டுக் கத்தரியுங்கள். நீள இலையோடு நட்டால் காற்றுக்கு ஆடி ஆடிக் குமிழ் தளர்ந்துவிடும். காய்ந்த வேரை நுள்ளி எடுங்கள், வெள்ளை வேரைத் தொட வேண்டாம்.

சுண்டுவிரலால் குழி குத்தினால் போதும். குமிழின் கழுத்து, அதாவது உடல் ஒடுங்கி இலையாக மாறுகிற இடம், மண் மட்டத்தோடு நிற்க வேண்டும். மொத்தமாக மூன்று முதல் ஐந்து சென்றிமீற்றர் ஆழம். கச்சான் நேரே அடிக்கிற வெறும் மணலில் கொஞ்சம் ஆழமாக, களிமண்ணில் கொஞ்சம் மேலாக. இடைவெளி மூன்று விரல். தனித்தனியே வரிசை பிடித்து நட்டால் மிளகாய்த் தோட்டம் மாதிரி இருக்கும். ஏழெட்டாகக் கூட்டி நட்டு, கூட்டத்துக்குக் கூட்டம் ஒரு சாண் விடுங்கள். பூக்கும் நாளில் அந்த இடைவெளிதான் அழகு.

நான் முற்றத்து ஓரமாக நட்டு முடித்துக் கை கழுவும்போது பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்னகா புள்ள, வெங்காயமா நட்டிருக்காய்?" "இல்ல மாமி, பூ." "பூவா? மறுகா வெங்காயம் மாதிரிக் கிடக்கு." அவர் சொன்னதில் பிழையில்லை. இந்த வெங்காயக் கதையைக் கடைசியில் சொல்கிறேன், அது விளையாட்டில்லை.

நட்டதும் ஒரு தரம் நன்றாக நனையுங்கள். அப்புறம் மூன்று கிழமைக்கு மேல்மண் காய்ந்தால் மட்டும். வேர் பிடித்ததற்கு அடையாளம், இலையை மெதுவாக இழுத்தால் குமிழ் எதிர்த்துப் பிடிக்கும்.

கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் இலை நுனி பழுப்பாகிக் கருகும். கரையோர வளவுகளில் கோடை முற்ற முற்ற இது கூடும். ஒரு பீப்பாவில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் சாடிகளுக்காவது அது போதும்.

காயப்போடுவது

இதுதான் இந்த வேலையின் உயிர். மற்ற எதையும் ஏனோதானோவென்று செய்தாலும் மழை லில்லி மன்னிக்கும், இதை மன்னிக்காது.

தரையில் நிற்பவற்றுக்கு வைகாசியில் கண்ணகை அம்மன் கோவில் குளிர்த்திச் சடங்கு முடிந்ததும் தண்ணீரை நிறுத்திவிடுவேன். முழுதாக. அந்த நேரத்தில் கச்சான் தொடங்கும். இரண்டு கிழமையில் இலை மஞ்சளாகும், நாலு கிழமையில் பாதி படுத்துவிடும். மனம் கேட்காது. அயலவர் வந்து "செடி சாகுது, தண்ணி ஊத்தல்லயா?" என்று கேட்பார்கள். கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். கிண்டிப் பார்க்க வேண்டும் போலிருந்தால் ஒரே ஒரு குமிழைக் கிண்டுங்கள்: இறுக்கமாக இருக்கும், வெட்டினால் உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருக்கும். அது சாகவில்லை. சேமித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. மழை விழுந்து மூன்று, நாலு நாளில் பூ வருகிறதென்றால் மொட்டு முன்னரே உள்ளே தயாராகிவிட்டது என்றுதானே அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. காயப்போடுவது வேறு, வறுப்பது வேறு. கறுப்பு பிளாஸ்டிக் சாடியைச் சீமெந்துத் தரையில் ஆனி மத்தியானத்தில் வைத்தால் உள்ளே குமிழ் வெந்துவிடும். அந்த இரண்டு மாதமும் சாடிகளைக் கிழக்குப் பக்கச் சுவரோரம் மண்தரையில் இறக்கி வையுங்கள். பாத்தியில் வெறும் மணல் என்றால் தென்னோலை ஒன்றிரண்டைப் பரப்பிவிடலாம், மழைக்கு முன் எடுத்துவிட வேண்டும்.

வெள்ளை வகைக்கு மட்டும் பத்து நாளைக்கு ஒரு தரம் கொஞ்சம் தண்ணீர் காட்டுங்கள்.

சாடிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு: மழைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. மூன்று, நாலு கிழமை காயப்போட்டு, பிறகு சாடியை அப்படியே ஒரு பெரிய பேசினில் மழைத் தண்ணீருக்குள் இறக்குங்கள். குமிழி வருவது நிற்கும் வரை, அரை மணித்தியாலம் பிடிக்கும். தூக்கி வடியவிட்டு அடுத்த மூன்று நாளும் பின்னேரத்தில் நனையுங்கள். நாலு முதல் ஏழு நாளில் பூக்கும். வீட்டில் விசேசம் என்றால் நாளைக் கணக்குப் பண்ணிக்கூட வைக்கலாம். ஆனால் இதை வருடத்துக்கு மூன்று தரத்துக்கு மேல் செய்யாமல் விடுவது என் வழக்கம். ஒவ்வொரு பூப்புக்கும் பிறகு இலை நின்று குமிழைத் திரும்பக் கொழுக்கவைக்க இரண்டு மாதமாவது கொடுக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீருக்கும் பூக்கும், ஆனால் நான் கண்டவரை மழைக்குப் பூக்கிற கூட்டத்தில் பாதிதான்.

மழை விழுந்த பிறகு

தூறலுக்கு அசையாது. விரல் ஆழம் நனைய வேண்டும். போன சித்திரையில் ஒரு ஞாயிறு பின்னேரம் மேற்கே இருண்டு வந்து ஒரு மணித்தியாலம் அடித்துப் பெய்தது. திங்கள் ஒன்றுமில்லை. செவ்வாய் காலை குந்தியிருந்து பார்த்தேன்: மணலில் ஊசிமுனை மாதிரிச் செம்பழுப்பாக இரண்டு. பின்னேரம் பதினேழு. புதன் காலை அவை பென்சில் உயரத்துக்கு நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் மெல்லிய தோலுறைக்குள் மூடின மொட்டு, உறை ஒரு பக்கம் கிழிந்து ரோஸ் எட்டிப் பார்த்தது. வியாழன் எட்டு மணி போல வெயில் ஏற ஏற விரியத் தொடங்கி, ஒன்பதுக்கு ஓரம் முழுக்க ரோஸ் கோடு இழுத்தது போல ஆகிவிட்டது. சின்னத் தேனீக்கள் எங்கிருந்து வந்தனவோ. பின்னேரம் நாலரைக்கு எல்லாம் கூம்பிக்கொண்டன. வெள்ளி இன்னொரு தரம் விரிந்து, சனி நனைந்த காகிதம் போலத் தொங்கிவிட்டது.

இரண்டு நாள்தான். ஆகவே பறித்துச் சாமித்தட்டில் வைப்பதைவிட நின்ற இடத்தில் பார்ப்பது மேல். அந்த இரண்டு நாளும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பூ முடிந்த பிறகுதான் சாப்பாடு: ஒரு கூட்டத்துக்கு ஒரு பிடி கூட்டெரு, ஒரு கரண்டி அடுப்புச் சாம்பல். யூரியா வேண்டாம், கொடுத்தால் இலைக் காடுதான் மிஞ்சும். இலையைப் புல் என்று நினைத்துக் கத்தரிப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவைக்க வேண்டும், அடுத்த பூவை அந்த இலைதான் சமைக்கிறது.

மாரி

கார்த்திகையிலிருந்து தை வரை நீங்கள் செய்ய எதுவும் இல்லை, வெள்ளத்தைப் பார்த்துக்கொள்வதைத் தவிர. மணலில் ஓரிரண்டு நாள் தண்ணீர் நின்றாலும் குமிழ் தாங்கும். 2011 தை வெள்ளம் மாதிரி நாட்கணக்கில் நின்றால் வெள்ளை வகையைத் தவிர மற்றவை அழுகத் தொடங்கும். சாடிகளைத் திண்ணையில் ஏற்றுங்கள். பாத்தியிலிருந்து தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால் கீறுங்கள். வாவித் தண்ணீர் ஏறி இறங்கியிருந்தால் மழை விட்டதும் நல்ல தண்ணீரால் இரண்டு தரம் கழுவிவிடுங்கள், உப்பு தங்கக் கூடாது.

எதிரிகள்

முதல் எதிரி கோழி. புது மண்ணைக் கண்டால் கிளறாமல் இராது. முதல் மாதம் பாத்திமேல் வேலி முள்ளோ பழைய வலையோ போட்டுவையுங்கள். அடுத்தது மாரியில் வரும் ஆபிரிக்க நத்தை. இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குவதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. பொறுக்கும்போது கையுறை போடுங்கள்.

மூன்றாவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கார்த்திகைப்பூக் கொடியில் கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் செம்மஞ்சள் திட்டுமாக ஒரு புழு கண்டிருப்பீர்கள். அதே புழு மழை லில்லிக்கும் வரும். இதன் அந்துப்பூச்சி சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் கலந்து சீட்டித்துணி மாதிரி அழகாக இருக்கும். அழகைப் பார்த்து விட்டுவிடாதீர்கள். புழுக்கள் கூட்டமாக வந்து ஓரிரவில் இலையைத் தரை மட்டத்துக்கு மேய்ந்து, பிறகு கழுத்தைக் குடையும். காலையில் கறுப்பு மணல் போல எச்சம் கிடந்தால் அடிப்பக்க இலையைப் பிரித்துப் பாருங்கள். கையால் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் போட்டால் முடிந்தது. வேப்பெண்ணெய் ஒரு தேக்கரண்டி, சவர்க்காரக் கரைசல் கொஞ்சம், ஒரு லீற்றர் தண்ணீர், நன்றாகக் குலுக்கிப் பின்னேரத்தில் தெளித்தால் புதிதாக வருவது குறையும். முழு இலையும் போனாலும் குமிழ் இறுக்கமாக இருந்தால் திரும்பத் துளிர்க்கும்.

சாடியில் இலை இடுக்கில் வெள்ளையாக மாவு மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி. பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள்.

பெருக்குவது

பூ வாடினபின் தண்டு நுனியில் மூன்று பிரிவாக ஒரு காய் கட்டும். இரண்டு மூன்று கிழமையில் வெடித்து, கறுப்புக் காகிதச் சீவல் மாதிரி விதை தெரியும். காற்று கொண்டுபோக முன் எடுங்கள். வைத்திருக்கிற விதை இல்லை இது, எடுத்த கிழமையே விதையுங்கள். யோகட் கோப்பையில் ஓட்டை போட்டு, மணலும் தும்புச்சோறும் பாதிக்குப் பாதி நிரப்பி, மேலே பரப்பி மெல்லிசாக மூடினால் ஒன்று, இரண்டு கிழமையில் நூல் மாதிரி முளைக்கும். பூக்க ஒன்று முதல் இரண்டு வருடம்.

பொறுமை இல்லாதவர்களுக்குப் புதரைப் பிரிப்பதுதான் வழி. ஆனால் அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். நெருக்கியடித்து நிற்கும் புதர்தான் நன்றாகப் பூக்கும். குமிழ் ஒன்றையொன்று மண்ணுக்கு வெளியே தள்ளத் தொடங்கினால், மூன்று நாலு வருடத்தில், ஆவணியில் காய்ந்த மண்ணிலிருந்து கிண்டி எடுத்துக் கையால் பிரியுங்கள். தாய்க் குமிழ் அடுத்த மழைக்கே பூக்கும். பட்டாணி அளவுக் குஞ்சுகள் ஒரு வருடம் எடுக்கும்.

இரண்டு வருடமாகியும் பூக்காத புதர் இருந்தால் என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: தினமும் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? நிழலா? ஆழமாக நட்டுவிட்டீர்களா? பத்தில் எட்டுப் பேர் முதல் கேள்வியிலேயே சிரித்துவிடுவார்கள்.

வெங்காயக் கதை

மழை லில்லியின் எல்லாப் பாகத்திலும், முக்கியமாகக் குமிழில், லைகொரின் என்ற நஞ்சு உண்டு. தின்றால் வாந்தி, வயிற்றோட்டம். கூடத் தின்றால் இன்னும் மோசம். உரித்த குமிழ் சின்ன வெங்காயம் போலவேதான் இருக்கும், கறிக்குக் கொத்தமல்லி கிள்ளுகிற இடத்தருகே நட்டால் இலையும் வெங்காயத் தாளாகத் தெரியும். சந்தேகம் வந்தால் நசுக்கி மணந்து பாருங்கள்: வெங்காய வாசம் இல்லாவிட்டால் அது வெங்காயம் இல்லை. பிறகு கையைக் கழுவுங்கள். குசினித் தோட்டத்துக்குள் இதை நட வேண்டாம், கிண்டின குமிழை அடுப்படியில் வைக்கவும் வேண்டாம். பிள்ளைகள் யாராவது கடித்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், குமிழில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அக்காவின் ஊரில் இலையுதிர்காலக் குரோக்கஸ் என்று கொல்சிக்கம் விற்கிறார்கள். அது குரோக்கஸே இல்லை. நம் கார்த்திகைப்பூவின் குடும்பம், இரண்டிலும் கொல்சிசின் என்ற கடும் நஞ்சு. பூவை நம்பலாம், பெயரை நம்பக் கூடாது என்று அவளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன ஆவணியில் புதரைப் பிரித்தபோது நாற்பதுக்கு மேல் குமிழ் மிஞ்சியது. இலையைக் கத்தரித்து, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, பத்துப் பத்தாகப் பத்திரிகைத் தாளில் சுற்றினேன். பக்கத்து வீட்டு மாமிக்குக் கொடுத்த பொட்டலத்தில் மட்டும் மார்க்கர் பேனையால் பெரிதாக எழுதினேன்: "வெங்காயம் இல்லை. கறிக்குப் போட வேண்டாம்."

மாமி அதை வாசித்துவிட்டு, "அப்ப ரசத்துக்கு?" என்றார்.